நாற்பது லிட்டர் ஏகமனது

தலைக்குள் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உலகில் ஏராளம். தலைக்கு மேல் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டு, அதற்கென ஒரு குழுவும் ரப்பர் முத்திரையும் வைத்துக்கொண்ட பெருமை எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கே உரியது. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். நடந்தவற்றை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்வது என் கடமை.

எல்லாம் லிப்ட் நின்றதில் தொடங்கியது. எங்கள் சங்கத் தலைவர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். சாதாரண மனிதராக இருந்தால் கதவைத் தட்டிக் கூச்சல் போட்டிருப்பார். தலைவர் செல்போனை எடுத்து, வீட்டிலேயே ஷாம்பூ தயாரிப்பது எப்படி என்று நான்கு காணொளிகள் பார்த்தார். நாங்கள் அவரை வெளியே இழுத்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"கடையில விக்கிற ஷாம்பூ முழுக்க கெமிக்கல்," என்றார். "இனிமே நாமளே செய்யணும்."

"லிப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"முதல்ல தலை. மத்ததெல்லாம் அப்புறம்."

தலைவருக்குக் காதுகளுக்கு மேலே இரண்டு கரை மட்டும்தான் முடி. தன்னிடம் இல்லாத ஒன்றுக்காக ஊருக்குப் பாடுபடுவதைத்தான் பொதுநலம் என்கிறார்கள்.

மறுநாளே கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு "தலைநல உயர்நிலைக் குழு" அமைத்தோம். தலைவர், முதல் மாடி வக்கீல், நான். மூவருக்கும் ஷாம்பூவைப் பற்றி எதுவும் தெரியாது என்பதால் நடுநிலைமைக்குக் குறைவில்லை. காணொளிகளில் "சர்ஃபாக்டன்ட்" என்றொரு சொல் அடிக்கடி வந்ததாம். அழுக்கையும் எண்ணெயையும் பிடித்திழுத்துத் தண்ணீரோடு அனுப்பி வைக்கும் சரக்கு அது. தலைவர் வாயில் அது "சர்வபாக்கியம்" என்று வந்தது. கூட்டக் குறிப்பிலும் அப்படியே ஏற்றினேன்.

எந்தப் பாக்கியத்தை எதோடு சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். அதனால் என் அக்காவைக் கூப்பிட்டோம். அக்கா நான்காம் மாடியில் என்னோடுதான் இருக்கிறாள். பதினாறு வருடமாக ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விஷயம் தெரிந்தவரைக் குழுவில் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று வக்கீல் எச்சரித்ததால், "சிறப்பு அழைப்பாளர்" என்ற தகுதி அவளுக்கு வழங்கப்பட்டது. அதாவது, அவள் பேசலாம். நாங்கள் கேட்க வேண்டியதில்லை.

அக்கா தலைவரின் பட்டியலை வாங்கிப் படித்தாள்.

"சார், நுரை குடுக்குற இந்தச் சரக்கு மைனஸ். முடியை வழவழப்பாக்குற இது பிளஸ். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டா ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும். நுரையும் வராது, வழவழப்பும் வராது. பால் திரிஞ்ச மாதிரி நிக்கும்."

"எதிரும் புதிரும் சேர்ந்தாத்தானம்மா பொருத்தம்?" என்றார் தலைவர். "எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் எதுலயும் ஒத்துப்போகாது. முப்பது வருஷமா சேர்ந்துதானே இருக்கோம்."

"இருக்கீங்க சார். ஆனா உங்களை யாரும் தலையில தேய்ச்சுக்கிறது இல்லையே."

வக்கீல் இருமினார். அக்கா விடவில்லை.

"வழவழப்பு வேணும்னா அதைத் தனியா செஞ்சு, தலை அலசின பிறகு போட்டுக்கலாம். இந்த நுரைச் சரக்கோட பீட்டெயின்னு ஒண்ணு சேருங்க. அது இதோட சண்டைக்குப் போகாது, எரிச்சலையும் குறைக்கும்."

"எல்லாருக்கும் நல்லவன், நம்ம செயலாளர் மாதிரி," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன்.

"எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு டம்ளர் அளவு செஞ்சு மூணு நாள் வெச்சுப் பாருங்க. காரம் ஏறியிருக்கான்னு லிட்மஸ் தாள்ல தொட்டுப் பாருங்க. அந்தத் தாள் நான் தர்றேன்."

"இருபத்து நாலு வீட்டுக்கு ஒரு டம்ளரா?" என்று வக்கீல் கேட்டார். இத்தகைய கூர்மைக்கு வேதியியலில் பதில் கிடையாது.

தீர்மானம் முன்மொழியப்பட்டது: "நுரைக்கும் வழவழப்புக்கும் இடையே எவ்வித முரண்பாடும் இல்லை என இக்குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." தலைவர் கை தூக்கினார். வக்கீல் தூக்கினார். அக்கா என்னைப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு என் கையும் மேலே போனது.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் நாற்பது லிட்டர் டிரம் வைத்தோம். தலைவர் இரண்டு சரக்கையும் தன் கையாலேயே ஊற்றித் துடுப்புப் போட்டார். தீர்மானத்தைப் படித்துப் பார்க்காத அந்தத் திரவம் ஐந்தே நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்தது.

"கெட்டிப்படுது," என்றார் தலைவர் திருப்தியாக.

கெட்டிப்பட்டது கட்டிதான், மிச்சம் தண்ணீராக நின்றது. உப்புப் போட்டால் இறுகும் என்று மூன்றாவது காணொளியில் சொல்லியிருந்ததாம். ஒரு பொட்டலம் போட்டார். இன்னும் நீர்த்தது. இன்னொரு பொட்டலம் போட்டார். நுரை மட்டும் வரவே இல்லை. வக்கீல் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து துணி துவைக்கும் பவுடரை டப்பாவோடு கொண்டுவந்து கொட்டினார். நுரை பொங்கியது. நாங்கள் கை தட்டினோம்.

சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, டிரம்மில் தாளை நனைத்துப் பார்த்தாள். தாள் கருநீலமானது.

"இதைக் கீழ ஊத்திடுங்க," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "அவ்வளவும் காரம். தோல் உரியும். கண்ணுல பட்டா புண்ணாகும். விளையாட்டு இல்ல சார்."

"சிறப்பு அழைப்பாளர் அழைக்கப்படாம வந்திருக்காங்க," என்று வக்கீல் சட்ட நிலையை விளக்கினார்.

அன்று மாலைக்குள் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பாட்டில் வைக்கப்பட்டது. "தூய்மை. இயற்கை. ஒற்றுமை" என்ற லேபிளின் வாசகம் என்னுடையது. அக்கா ஒரு தாளில் "இந்த ஷாம்பூவை யாரும் பயன்படுத்த வேண்டாம். கண்ணுக்கு ஆபத்து" என்று பெரிதாக எழுதி, அறிவிப்புப் பலகையில் குத்தினாள். அதில் சங்க முத்திரை இல்லை. முத்திரையில்லாத அறிவிப்பை அகற்றும் பொறுப்பு, விதிகளின்படி, செயலாளருடையது. தலைவர் நினைவூட்டினார். அகற்றினேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தரைத்தளத்தில் ஒரு தையற்காரம்மா தனியாக இருக்கிறார். திங்கட்கிழமை காலை அவர் தலைக்குக் குளித்தார். பத்து மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினோம். இரண்டு கருவிழியிலும் புண் என்று சொல்லி டாக்டர் கட்டுப்போட்டார். கட்டைப் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். பார்வை முழுசாகத் திரும்புமா என்று அதற்குப் பிறகுதான் தெரியுமாம்.

பார்க்கப் போனவர்களிடம் அந்த அம்மா, "போர்டைப் பார்த்துட்டுத்தான் பாட்டிலைத் தொறந்தேன். ஒண்ணும் எழுதியிருக்கலையே," என்று மட்டும் சொன்னார்.

குழு உடனே விசாரணையில் இறங்கியது. வெளியாட்களை நம்ப முடியாது என்பதால் எங்களை நாங்களே விசாரித்தோம். மூவரும் ஒத்துழைத்தோம். ஆபத்து முன்கூட்டியே தெரிந்த ஒரே நபர் சிறப்பு அழைப்பாளர்தான். தெரிந்தும் தடுக்கத் தவறிவிட்டார். ஆகவே பொறுப்பு அவருடையதே என்று முடிவு வந்தது. தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் போனது. அவர்கள் அக்காவைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எடுத்து, பாட்டிலுக்கு மூடி திருகும் பகுதியில் போட்டார்கள்.

அன்று அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தத் தாளை யாருடா எடுத்தது?"

"குழு முடிவு, அக்கா."

"முடிவை யாரு கேட்டா? எடுத்தது யார் கை?"

கூட்டக் குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் எழுந்து தரைத்தளத்துக்குப் போய்விட்டாள். தையற்காரம்மா ஒப்புக்கொண்டிருந்த துணிகளை இப்போது அவள்தான் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறாள். அந்த அம்மா கட்டுக் கட்டிய கண்ணோடு, விரலால் தடவிப் பார்த்து, தையல் எங்கே கோணுகிறது என்று சொல்கிறார். அக்கா மாடிக்கு வருவது தூங்க மட்டும்தான். என்னிடம் பேசுவதில்லை.

குழுவின் ஆண்டறிக்கையை இன்று எழுதி முடித்தேன். நாற்பது லிட்டர் தயாரித்தும் ஒரு தலைகூட ஒழுங்காகக் கழுவப்படவில்லை என்று சிலர் புறம் பேசுகிறார்கள். அபாண்டம். தொழிற்சாலைக்குப் போன கடிதத்தின் அடியில் "செயலாளர்" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேனே, அந்த ஒரு நொடியில், தண்ணீரும் வேண்டாமல், நுரையும் வேண்டாமல், என் அக்காவைத் தலைமுழுகிவிட்டேன்.