உப்பு பத்தல, இன்னும் ஏத்து!

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகளும் சௌக்கியம். அங்கு தங்கள் சௌக்கியமும், அக்காவின் மூட்டுவலியும், தங்கள் கடையும், கடை வாசலில் மாதிரிக்கு மாட்டியிருக்கும் அந்தச் சோலார் பலகையும் எப்படி என்று அறிய ஆவல். எனக்கென்று தாங்கள் கடையில் வாங்கிப் போட்டிருக்கும் சுழல் நாற்காலியின் படம் கிடைத்தது. அதில் ஒரு சக்கரம் குறைவது போலத் தெரிகிறது. படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை.

எங்கள் மின் நிலையத்தை மூடவில்லை மச்சான். மூட மாட்டார்கள். அப்பாடா என்று இதை எழுதுவதற்காகவே நல்ல பேனா ஒன்று வாங்கினேன். போன தடவை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "மாப்ளே, ஒரு பலகைய வெயில்ல வச்சா கரண்டு வருது. அதோட முடிஞ்சுது. நீங்க என்னடான்னா ஊர்ப்பட்ட கண்ணாடிய நட்டு, நடுவுல கோபுரம் கட்டி, வெயில அது உச்சந்தலையில அடிச்சு, உப்பக் காய்ச்சி, அந்த உப்பு தண்ணியக் காய்ச்சி, அந்த ஆவி சக்கரத்தச் சுத்தி... தலையச் சுத்தி மூக்கத் தொடுறீங்களே! உப்புக்குப் பெறாத வேலைய உப்ப வச்சே பாக்குறது உலகத்துல நீங்க ஒருத்தர்தான்." எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது உங்கள் தங்கை. நான் வாயில் இருந்ததை மென்று விழுங்கிப் பதில் சொல்வதற்குள் பேச்சு உங்கள் புது வண்டிக்குப் போய்விட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

விஷயம் என்னவென்றால், எங்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. இந்த நிலையம் வியாபாரமாக நிற்குமா, இல்லை கண்ணாடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பலகை போட்டுவிடலாமா என்று ஒரே நாளில் பார்த்துச் சொல்ல வேண்டும். குழு என்றால் ஓர் அம்மாவும், அவர் எது சொன்னாலும் தலையாட்டும் இரண்டு தம்பிகளும். வந்த அரை மணி நேரத்திலேயே அவருக்குக் கணக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் மேலாளர் இரண்டு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்புரையை எடுப்பதற்குள், "பகல்ல இப்ப யாரு வேணாலும் கரண்டு குடுக்கிறாங்க சார். பலகை விலை இறங்குற இறக்கத்துல நீங்க எதுக்குன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். மேலாளர் வரவேற்புரையை முதலிலிருந்து ஆரம்பித்தார். தொட்டியில் உருகிய உப்பில் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறோம், பொழுது சாய்ந்த பிறகும் ஆவி கிளப்பலாம், அதுதான் எங்கள் பிழைப்பு என்று அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. சொன்னாலும் காட்ட முடியாது. ஏனென்றால் குழுவுக்குச் சாயங்கால ரயிலில் சீட்டுப் போட்டு வைத்த புண்ணியவானும் அவரேதான். ராத்திரிக் கடையைப் பகலில் காட்டி அனுப்பப் பார்த்தார் மனுஷர்.

போதாததற்கு அன்றைக்கென்று பார்த்து மேகம். வெயில் வரும், போகும், வரும், போகும். நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தரையில் இருக்கும் தொட்டியிலிருந்து உருகிய உப்பைக் கோபுர உச்சிக்குப் பம்பு வைத்து ஏற்றுவோம். உச்சியில் வெயில் பட்டுப் பழுக்கச் சூடாகி அது அடுத்த தொட்டிக்கு இறங்கும். மேகம் மறைத்தால் ஏற்றுவதைக் குறைக்க வேண்டும், விலகினால் சட்டென்று கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் உச்சியில் இருக்கும் குழாய் கருகிப்போகும். பம்புக்காரர் கீழே நிற்கிறார், நான் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல அவர் திருப்புவார். மேகம் திடீரென்று விலகியது. நான் கத்தினேன்: "உப்பு பத்தல! இன்னும் ஏத்து! ஏத்து, ஏத்து, யோசிக்காத, நான் பாத்துக்கிறேன்!" மறுபடி மேகம், மறுபடி வெயில், மறுபடி நான், "பத்தவே இல்லய்யா, தாராளமா ஏத்து!" ஒரு தடவை "ஏத்திட்டேன் சார்" என்று வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அது பம்புக்காரர் இல்லை மச்சான். அது எங்கள் சமையல்காரர். விருந்தாளிகள் எப்போது சாப்பிட வருவார்கள் என்று தெரியட்டும் என மேலாளர் அவர் கையில் ஒரு வாக்கி டாக்கியைக் கொடுத்திருக்கிறார். அதன் அலைவரிசைத் திருகு எப்போதோ உடைந்து எங்கள் வரிசையிலேயே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறை அதிகாரியே உப்புப் பற்றவில்லை என்று சொல்லும்போது சமையல்காரர் என்ன செய்வார்? நான் மேலே இருந்து கண்ணாடி வழியாக அவர் கொதிக்க வைத்திருக்கும் சூப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன் என்று நம்பியிருக்கிறார். மனுஷருக்கு என் மேல் அவ்வளவு மரியாதை.

சாப்பாட்டு அறையில் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கம்மா ஒரு கரண்டி குடித்தார். புருவம் ஏறியது, இறங்கவில்லை. வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் போல, முழுக் கிண்ணத்தையும் குடித்து முடித்துவிட்டார். அவர் குடித்தார் என்று தலையாட்டித் தம்பிகளும் குடித்தார்கள். அதில் ஒருவர் மட்டும் மெல்லிய குரலில், "இது உங்க தொட்டியிலருந்து வந்ததுங்களா?" என்று கேட்டார். சமையல்காரருக்கு வந்ததே கோபம். "தம்பி, அந்த உப்பு உரத்துக்குப் போற ஜாதி. இது நான் போட்டது. கன்ட்ரோல் ரூம் சார் சொல்லிப் போட்டது" என்றார். அவ்வளவுதான். அறையில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கிழங்கு வறுவலிலும் அதே கதை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சற்று நேரத்தில் மூன்று பேரும் ஒட்டகம் மாதிரித் தண்ணீர் குடித்தார்கள். கணக்கம்மாவுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். எங்கள் முதலுதவி அறை நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு, "இவங்க இப்ப எங்கயும் போகக் கூடாது. இருட்டுற வரைக்கும் ஓய்வெடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ரயில் போய்விட்டது. மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கடன்காரங்களையே உப்பு வச்சுக் கொல்லப் பாத்தியேப்பா. இவ்வளவு பேரு பொழப்பு இன்னிக்கு உன் வாயில இருந்துச்சு. நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன். "அண்ணாகிட்ட நான் சொல்லிடவா, நீங்களே சொல்றீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். பின்னால் பெட்டியின் ஜிப்பு சத்தம் கேட்டது. உங்கள் கடை மாடி அறைக்குத் திரைச்சீலை அளவு அவளிடம் எப்போதிருந்தோ இருந்திருக்கிறது மச்சான். அளவெடுத்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள், கடையோடு மாப்பிள்ளை நான்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாற்காலியில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலவும், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் நீங்கள் "உப்பு மாப்ளே" என்று என்னைக் காட்டுவது போலவும் கண் முன்னே வந்தது. வேலை போனதைவிட அதுதான் வலித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

வேலை நேரம் முடிந்து மாற்று ஆள் வரும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் போய் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. கதவைத் திறந்துகொண்டு கணக்கம்மா வந்தார், கையில் தண்ணீர் பாட்டில். "படுத்தா நாக்கு வறளுது. இங்க உக்காந்துக்கிறேன்" என்றார். எழுந்து நின்றேன். "உப்பு பத்தலன்னு சொன்னது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தார். வட்டாரத்தில் இருக்கும் பலகைக்காரர்கள் எல்லோருடைய மின் உற்பத்தியைக் காட்டும் கோடும் (கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்) சொல்லிவைத்தாற்போலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வீடுகளில் விளக்குப் போடும் நேரம், எல்லோர் கோடும் தரையில். அப்போது மின் விநியோக அலுவலகத்திலிருந்து போன். "சார், உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "உப்பு இருக்கு" என்றேன். "எவ்வளவு நேரம் தாங்கும்?" "விடிய விடியத் தாங்கும். எடுத்துக்கோங்க."

மேகம் விலகிய போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தி ஏற்றிய உப்பும், முந்தின நாட்களின் உப்பும் தொட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கிடந்தன. திறந்துவிட்டோம். ஆவி கிளம்பிச் சக்கரம் சுற்ற, எங்கள் கோடு மட்டும் மேலே ஏறியது. கணக்கம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். "இத நான் காகிதத்துல ஒரு வரியா படிச்சிருக்கேன்" என்றார். பிறகு அந்தப் போனை வாங்கி, இந்த நேரத்தில் மின்சாரம் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். மறுபடி சொல்லச் சொன்னார். அப்படியே நாற்காலியில் சாய்ந்து, "பகல் விலையையும் இந்த விலையையும் கலந்து சராசரி போட்டுல்ல உங்கள நஷ்டம்னு எழுதி வச்சிருக்கோம். நீங்க பகல்ல விக்கவே கூடாது சார். சேத்து வச்சு, பொழுது சாஞ்சப்புறம் மட்டும் வித்தா நிமிந்துருவீங்க" என்றார். மேலாளர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தோளில் கை வைத்து, "இவரு எங்க மூத்த அதிகாரிங்க. இவர் இல்லாம எதுவும் நடக்காது" என்றார். மத்தியானம் வேறு யாரோ பேசினார் போல.

புறப்படும்போது கணக்கம்மா சமையல்காரரைக் கூப்பிட்டார். அவர் கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "உங்க சூப்பு இல்லன்னா நான் ரயில்ல தூங்கிட்டிருப்பேன். ஆனா இனிமே யாரு சொன்னாலும் நீங்க நாக்குல வச்சுப் பாத்துப் போடுங்க" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன், அழுகை வந்துவிட்டது. கண்ணாடி கழுவும் குழுவின் தலைவர் பார்த்துவிட்டார். கண்ணில் தூசி என்றேன். "எங்க ஏரியாவுல தூசின்னு சொல்றீங்களா?" என்று அவர் சண்டைக்கு வந்துவிட்டார். அது வேறு கதை.

ஆகவே மச்சான், உப்புக்குப் பெறாத வேலை என்று நீங்கள் சொன்ன வேலைதான் இப்போது நிலையத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வெயில் இருக்கும்வரை கொண்டாடும் பலகையின் தயவு எனக்கு இந்த ஜென்மத்தில் தேவைப்படாது. திரைச்சீலை அளவைத் தூக்கிப் போட்டுவிடலாம். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள், நான்கு சக்கரமும் போட்டு.

அக்காவுக்கு என் வணக்கம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். தங்கள் வியாபாரம் பகல் முழுவதும் செழிக்க வேண்டும் என்று மனதார வேண்டும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேலாளர் கூப்பிட்டார். கணக்கம்மாவின் அறிக்கை வந்துவிட்டதாம், கடன் தொடருமாம், ஆனால் ஒரு நிபந்தனை. பகலில் பம்பு ஓட, குழாயில் உப்பு உறையாமல் சூடு வைக்க, ஆபீஸ் விளக்கெரிய என்று எங்கள் சொந்தச் செலவுக்கு உப்பின் சூட்டைத் தொடக் கூடாது. அதற்கு மைதானத்தின் ஓரத்தில் சோலார் பலகை போட்டுக்கொள்ள வேண்டும். பலகைப் பிரிவுக்கு என்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். "உங்க அண்ணன் அந்தத் தொழில்தானேம்மா?" என்று மேலாளர் முன்பே என் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டபோது உங்கள் தங்கைதான் ஆமாம் என்று சொன்னாளாம். எனவே மேலே நான் எழுதியதில் பலகையைப் பற்றி வரும் இடங்களை மட்டும் படிக்காமல் விட்டுவிடவும். எங்கள் அறையில் உட்கார இடம் குறைவு. உடனே புறப்பட்டு வரவும். வரும்போது அந்த மூன்று சக்கர நாற்காலியையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். நீங்கள் உட்கார வேண்டாமா?