எண்ணிக் குத்தினால் தாங்குபவர்

சங்கரன்கோவிலில் 'குத்திப் பாருங்கள்' என்றொரு இனம் உண்டு. ஆண், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், வயிறு சற்று முன்னே வரும், பேச்சு அதற்கும் முன்னே வரும். கராத்தே வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் இவருக்கு ஒரு வியாதி பிடிக்கும்: எதிரே வருகிறவரெல்லாம் தன் வயிற்றில் குத்தியாக வேண்டும். கல்யாணப் பந்தியில், தாலுகா அலுவலகத்தில், சிவகிரி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், சட்டைப் பொத்தானைக் கழற்றாத குறையாக நிமிர்ந்து நின்று, "சும்மா குத்துங்க வே, கல்லு மாரி இருக்கும்" என்பார். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்க வந்தவர் பாவம், என்ன செய்வார்? குத்துவார். பலமாகவா குத்த முடியும்? மனு உள்ளே இருக்கிறதே!

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? அந்தத் தாலுகா அலுவலகத்துத் தில்லைநாயகம் நான்தான்.

எங்கள் இனத்துக்கு ஒரு கொள்கை உண்டு. அடி வாங்க வாங்க உடம்பு பழகிவிடும். காலெலும்பு உரமேறும், தோல் கன்றாது, வயிறு தானே இறுகும், வலி என்று ஒரு செய்தி வந்தாலும், எங்கள் அலுவலகத்துக்கு வரும் தபாலைப் போல, மூளை அதைப் பிரிக்காமலே வைத்துவிடும். இதில் பாதி உண்மை. எங்கள் ஜெபசிங் மாஸ்டரே சொல்வார்: "வயிறு பழகும் சார். காலு பழகும். மண்டதான் பழகாது, அங்கன மட்டும் அடி வாங்கிராதீங்க." எனக்கு முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டுமே காதில் விழுந்தன.

மீதிப் பாதி உண்மை மருந்துக்கடை ஜாய்ஸுக்குத் தெரியும். வலிக்குத் தடவும் களிம்பை மாமியார் பெயரைச் சொல்லித்தான் அவளிடம் வாங்குவேன். என் மாமியார் கரிவலம்வந்தநல்லூரில் வரப்பின் மேல் என்னைவிட வேகமாக நடக்கிறவர். "போன வாரந்தான ரெண்டு டியூப் வாங்குனீங்க. அத்தைக்கு இன்னுமா கொறையல, அண்ணாச்சி?" என்று ஜாய்ஸ் கேட்பாள், கொஞ்சமும் சிரிக்காமல். அவளும் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள். வீட்டிலோ என் மனைவி சுபலட்சுமி, கோயில் புற்றுமண்ணைக் குழைத்து என் காலில் அப்பிக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தப்ப நல்லாத்தான இருந்தீங்க?" என்பாள்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் நடக்கும். அடி தாங்கும் பயிற்சிக்கு மாஸ்டர் எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்துவார். எதிரில் நிற்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூணில் குத்த வேண்டும்; வாங்குகிறவர் மூச்சை வெளியே தள்ளி வயிற்றை இறுக்க வேண்டும். ஏழு மாதத்தில் என் உடம்பு அருமையாகப் பழகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், பனவடலிசத்திரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார், மூன்று என்றதும் நான் "ஹூம்!" என்று வயிற்றை எக்கினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். என் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பச்சை பெல்ட் தேர்வு வந்தது. தேறினால் முன்வரிசை, தவறினால் மறுபடியும் மஞ்சள் பெல்ட்டோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். முன்வரிசையில் என் மகள் வித்யாலட்சுமி நிற்கிறாள். என்னை அங்கே வைத்து 'அப்பா' என்று அவள் கூப்பிட்டே பல மாதமாயிற்று. ஒரு நாளாவது அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல்தான் ஊர் பூராவும் வயிற்றைக் காட்டித் திரிந்தேன்.

தேர்வில் எனக்கு ஜோடி ஜாய்ஸ். மாஸ்டர் கையை இறக்கினார். நான் 'ஒண்ணு'க்காகக் காத்து நின்றேன். ஜாய்ஸ் எண்ணவில்லை. பெரிய குத்தும் இல்லை, கடையில் மருந்துப் பையை நீட்டுகிற வேகம்தான் இருக்கும். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன்.

"மாஸ்டர், எண்ணவே இல்லியே!"

"அடிக்கவங்க யாராச்சும் எண்ணிக்கிட்டா அடிப்பாங்க, அண்ணாச்சி?" என்றாள் ஜாய்ஸ்.

மொட்டைமாடி முழுக்கச் சிரித்தது. வித்யாலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் குத்தியது இரண்டு நாளில் சரியாகிவிட்டது, இது இன்னும் வலிக்கிறது. இதற்கு எந்தப் பயிற்சியும் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். நான் கேட்கும் முன்பே ஜாய்ஸ் களிம்பை எடுத்து வைத்தாள்.

"அத்தைக்குத்தான, அண்ணாச்சி?"

"இல்லம்மா. எனக்குத்தான்."

அவள் களிம்பைப் பையில் போட்டு நீட்டினாள். "ஆறு மாசத்துல அடுத்த டெஸ்ட் வருதுல்லா? நாளையிலருந்து எண்ணாமலே குத்துதேன். வாங்கிப் பழகுங்க" என்றாள்.

பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால், "நான் எதையும் தாங்குவேன்" என்று நீங்களும் எங்கேயோ சொல்லித் திரிகிறவர்தானே? டாக்டர் ஊசியைக் காட்டிவிட்டுப் போட்டால் தாங்குவீர்கள். அதிகாரி நாள் குறித்துக் கூப்பிட்டுத் திட்டினால் தாங்குவீர்கள். நீங்கள் எங்கள் இனமா இல்லையா என்று இங்கேயே பார்த்துவிடலாம். மூன்று வரை எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு.

அட, வயிற்றை ஏன் இறுக்குகிறீர்கள்?