எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்த பிராசசர்

தென்காசிப் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவனுக்குச் சாரல் காலத்தில் நிம்மதி கிடையாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்தால் போதும், வருஷம் முழுக்க போனே எடுக்காத சொந்தமெல்லாம் துண்டும் கையுமாக மேலகரத்தில் எங்கள் வாசலில் வந்து இறங்கும். வரட்டும், குளிக்கட்டும், மாவு தீரும்வரை தோசை தின்னட்டும். என் வேலையில் மூக்கை நுழைத்தார்களே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் வீட்டு பிளான் வரைபவன். அப்போது தொழிலுக்குப் புதுசு. யாரோ கழித்துப்போட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்றை முன்னறையில் வைத்திருந்தேன். பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். (புதுசு வாங்க வக்கில்லாததை ‘வின்டேஜ்’ என்று சொல்லிக்கொள்வேன்.) இலத்தூர் காதர் பாயின் வீட்டு பிளான்தான் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மறுநாள் அவர் துபாய்க்கு விமானம் ஏறுகிறார். அதற்கு முந்தின சாயங்காலமே வந்து பிளானை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அன்று பார்த்து அந்தப் பெட்டி சூடேறிச் சூடேறி அணைந்துபோனது.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைக் கழற்றி, அதன் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவ வேண்டும். வீடியோ பார்த்து வைத்திருந்தேன். முதலில் பெட்டியைச் சற்று ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிராசசர் மேல் ஒட்டியிருக்கும் ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டியை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நேராக இழுக்கவே கூடாது. பிறகு பிராசசரைப் பூட்டியிருக்கும் பக்கத்துக் கம்பியைத் தூக்கினால் பிராசசர் தானாக வந்துவிடும். தனியாக விட்டிருந்தால் செய்திருப்பேன்.

விட்டார்களா? அம்மாவின் தம்பி, ராயகிரி மாமா, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் மினுங்க, கையில் கிண்ணத்தோடு வந்தார்.

“ஏலே, இன்னும் எண்ணெ தேய்க்கலையா? அருவிக்குப் போக ஆட்டோ வந்துரும்லா.”

“வேலை கெடக்கு மாமா. நான் வரல.”

“எண்ணெ ஊறணும்லாலே. ஊறுத நேரத்துல இதக் கழட்டிரு.”

இந்த யோசனை எனக்கும் நியாயமாகப் பட்டது! நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. இடுப்பில் துண்டோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயோடு உட்கார்ந்தேன். சொந்தமெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கையைத் துடைக்கத் துடைக்க முழங்கையிலிருந்து வழிந்தது. பெட்டியை ஓடவிடலாம் என்றால் கரண்ட் இல்லை. (சாரல் அடித்தால் எங்கள் ஊரில் கரண்டுக்கும் சளி பிடித்துவிடும்.) பேஸ்ட் கல்லாக இறுகியிருந்தது. திருகினேன், கை வழுக்கியது.

“என்னலே, பூப்பறிக்க மாதிரி திருகுத? தள்ளு.”

“மாமா, இழுக்கக் கூடாது!”

“சத்தம் போடாதலே. நான் மோட்டார் பம்பே கழட்டுனவன்.”

மோட்டார் பம்பைக் கழற்றியவர் ஒரே இழுப்பாக இழுத்தார். பூட்டிய கம்பி பூட்டியபடியே இருக்க, ஹீட் சிங்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் பிய்ந்து வந்தது. அவர் கையும் வழுக்க, கட்டி தரையில் விழுந்தது. பிராசசர் தெறித்து எண்ணெய்க் கிண்ணத்தில் முங்கியது.

“வந்துட்டுல்லா!” என்றார் மாமா, பெருமையாக.

அத்தை அதைக் கரண்டியால் அள்ளி, அடியில் வளைந்து கிடந்த ஊசிக்கால்களைத் தலை ஊக்கால் நிமிர்த்தப் பார்த்தாள். நாலைந்து ஒடிந்து விழுந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை.

“வெளிய போங்க! ஒரு ஆளு இங்க நிக்கக் கூடாது!” என்று வாசலைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினேன்.

வாசலில் காதர் பாய், மனைவியோடு நின்றிருந்தார்.

“வரச் சொன்னியேன்னு வந்தோம் தம்பி. நாங்க போறோம்” என்று திரும்பி நடந்தார். “பாய், உங்கள இல்ல பாய்!” என்று நழுவும் துண்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

அந்த வீட்டுக்கு வேறு எவனோ பிளான் போட்டான். மாமாவோ பிராசசரின் மூலையில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். சீசனுக்குச் சீசன் அதை என் மூக்குக்கு நேராக ஆட்டுவார். “ஏலே, கம்ப்யூட்டருக்கு எண்ணெ தேய்ச்சாச்சா?” என்று அவர் கேட்க, என் மகள்தான் முதலில் சிரிப்பாள்.

இந்தச் சீசனில், மாமா எங்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் காதர் பாய் வந்தார். மாடி கட்ட வேண்டுமாம். கேட்டுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தார்.

“தம்பி, இன்னைக்கு எண்ணெ தேய்க்கலைல்லா? உள்ள வரலாமா?”

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாடிக்கு பிளான் போட்டுக் கொடுத்தேன், அறைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு.