வட்ட விளக்கைத் திருப்பித் தர வேண்டாம்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டைச் சோதனையிட வந்தீர்களே, இரண்டாம் மாடியில், உள்ளே வரும்முன் ஷூவைக் கழற்றச் சொன்ன அம்மாள்தான் எழுதுகிறேன். தங்களோடு வந்த காவலர்களில் உயரமானவரின் காலுறையில் கட்டை விரல் தெரிந்ததை எல்லோர் முன்னாலும் நான் சொல்லியிருக்கக் கூடாது. என் வருத்தத்தை அவரிடம் தெரிவியுங்கள்.

இது நன்றிக் கடிதம். தங்கள் அலுவலகத்துக்கு வரும் தபாலில் இந்த வகை அபூர்வம் என்பதால், புகார்க் கோப்பில் போய்ச் சேராமல் இருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மாப்பிள்ளையைத் தங்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பில் இருக்கும் அளவுக்குத்தான் தெரியும். பதினொரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், ஆள் குறைத்தார்கள், ஒரு செடித் தொட்டியோடும் ஒரு கால்குலேட்டரோடும் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஆனால் எதையும் படித்துப் பார்க்காத மனிதர். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நடுவில் ஒரு வரியைப் பார்ப்பார், மடித்து வைப்பார். நானோ கான்வென்டில் படித்தவள். பிறகு முப்பத்தொரு வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். காற்புள்ளி விட்டுப் போனால் எனக்குச் சோறு இறங்காது. மகள் மருத்துவமனையில் செவிலியர். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டாள். ஆக, வேலையில்லாத மாப்பிள்ளையும் குறை காணும் மாமியாரும் ஒரே மேசையில் மூன்று வேளையும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். அதற்கும் நான் ஏதோ சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் சேனல் தொடங்கினார். எங்கள் சாப்பாட்டு மேசை ஸ்டூடியோ ஆனது. முக்காலியில் கேமரா, கழுத்தில் மாட்டும் மைக், வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி எல்லா முகத்தையும் காட்டுகிற ஒரு வட்ட விளக்கு. ஒரு கிரிப்டோ நிறுவனம் அவருக்கு மாதாமாதம் சம்பளம் மாதிரி ஒன்று கொடுத்தது. வேலை, அவர்கள் நாணயத்தைப் பற்றி வாரம் மூன்று தடவை நல்லதாகப் பேசுவது. அந்த நாணயத்தைக் கையில் பிடிக்க முடியாது என்றார். அப்படியானால் எங்கே இருக்கிறது என்றேன். "எல்லா இடத்துலயும் இருக்கு அத்தை" என்றார். கடவுளைப் பற்றிக் கான்வென்ட் சிஸ்டர் சொன்ன பதில் இது. ஆனால் சிஸ்டர் யாரிடமும் முன்பணம் கேட்கவில்லை.

இவ்வளவு சொல்கிற நீங்கள் அந்த விளக்குக்கு முன்னால் ஏன் உட்கார்ந்தீர்கள் என்று தாங்கள் அன்று கேட்டீர்கள். "குடும்ப ஒத்துழைப்பு" என்று பதில் சொன்னேன். அது உண்மையன்று. உண்மை, அகம்பாவம். வயதானவர் முகம் ஒன்று இருந்தால் நம்பிக்கை வரும் என்று நிறுவனத்து மேலாளர் சொன்னாராம், மாப்பிள்ளை தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "உங்க உச்சரிப்பு மாதிரி யாருக்கு அத்தை வரும்?" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

கொடுத்த தாளை வாசித்தேன். தாளின் கடைசியில் எறும்பு வரிசை மாதிரி சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. மற்றவர்கள் அதை மூச்சு விடாமல் நான்கு விநாடியில் ஓட்டிவிடுவார்களாம். எனக்கு அப்படி வாசிக்கத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாங்கள் செலுத்தும் தொகை முழுவதும் இல்லாமல் போகக்கூடும்" என்று நிறுத்தி, கேமராவைப் பார்த்து, புரிந்ததா என்பதற்கு அவகாசம் கொடுத்து, அடுத்த வரிக்குப் போனேன். மொத்தம் ஆறு நிமிடம் பிடித்தது. மேலாளர் போனில் கூப்பிட்டு, "அம்மா, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமா சொல்லிடுங்களேன்" என்றார். வேகமாகச் சொல்ல வேண்டியதை எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். வைத்துவிட்டார். ஆனால் அந்த ஆறு நிமிடத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாட்டி, பாட்டி என்று எழுதினார்கள். உறவு கொண்டாடுவதற்குமுன் அனுமதி கேட்பது முறை என்று பதில் போடச் சொன்னேன். அதையும் பத்தாயிரம் பேர் ரசித்தார்கள்.

என் எச்சரிக்கையைக் கேட்டு ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் தையல்காரப் பெண் ஒருத்தி விசாரித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது. புது மிஷின் வாங்க வைத்திருந்ததில் பாதியை அந்த நாணயத்தில் போட்டுவிட்டாளாம். மீதியையும் போடலாமா என்று என் வாயால் கேட்க வந்திருக்கிறாள். நான் வாசித்ததைக் கேட்கவில்லையா என்றேன். "கேட்டேம்மா. மத்தவங்க எல்லாம் மறைக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் ஒளிவு மறைவு இல்லாம சொல்றீங்க. அதனாலதான் நம்பிப் போட்டேன்" என்றாள். ஐயா, எனக்கு எழுபத்து நான்கு வயது. யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. மீதியைப் போடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அன்று சேலை கட்டிக்கொண்டு விளக்கு முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதே வாரத்தில்தான் வீட்டை அடமானம் வைக்கும் பேச்சு வந்தது. இந்த வீடு என் பேரில் இருக்கிறது. என் கணவர் விட்டுப்போனது இது ஒன்றுதான். இதை அடமானம் வைத்து நாணயம் வாங்கினால் மாப்பிள்ளைக்குப் "பகுதித் தலைவர்" பதவி என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "அவரு பால்கனியில நின்னுக்கிட்டுச் சாப்பிடறதை எத்தனை நாள்மா நான் பார்க்கணும்? ஒரு தடவையாவது அவர் சொல்றதுக்குச் சரின்னு சொல்லேன்" என்றாள். சரி என்றேன். ஆனால் அடமான நிபந்தனைகள் முழுவதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன். அறுபத்திரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நான்கு பக்கம், கையில் சிவப்புப் பென்சில். பதினைந்து நாள் ஓட்டினேன். ஐம்பத்தெட்டாம் பக்கம் வந்தபோது, வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேலாளர் அடமானப் பத்திரத்தோடு வருகிறார் என்றார்கள். இனி ஓட்டப் பக்கம் இல்லை.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எங்கள் பள்ளி மதர் என்ன சொல்லுவார் என்பதை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்ட நான், அனுமதி இல்லாமல் கிரிப்டோ விளம்பரம் செய்யும் சேனல்களை முடக்கப்போவதாகப் பத்திரிகையில் தங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, நீலக் கோடு போட்ட தாளில் தங்களுக்கு மூன்று பக்கம் எழுதி, கையெழுத்துப் போடாமல் உறையில் வைத்தேன். முழங்கால் வலி, தபால் நிலையம் தூரம். வழக்கம்போல ஓய்வூதியச் சான்றிதழோடும் வேறு இரண்டு கடிதங்களோடும் சேர்த்து மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அவர் உறையின்மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பேர்வழி இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் தைரியம்தான்.

ஆகவே தாங்கள் வந்தது மூன்று மணிக்கு அல்லாமல் பதினொரு மணிக்கு என்பது என் முதல் நன்றி. தங்கள் உத்தரவில் நான்காம் பிரிவுக்குப் பிறகு ஆறாம் பிரிவு வருகிறது, ஐந்து எங்கே என்று கேட்டபோது பொறுமையாகக் கையால் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தீர்களே, அது இரண்டாவது. தையல்காரப் பெண்ணின் தொகை, நிறுவனத்தின் கணக்கை முடக்கியதால், முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அதற்கான நன்றியை அவள் ஒரு ரவிக்கையாக என்னிடம் கொடுத்திருக்கிறாள், தங்களுக்குப் பயன்படாது என்பதால் நானே வைத்துக்கொண்டேன். அதே நாணயத்தைப் புகழ்ந்த மற்ற மூன்று சேனல்காரர்களை விசாரணைக்கு அழைத்துப் போன தாங்கள், என் மாப்பிள்ளைக்கு மட்டும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து, கைகுலுக்கி, "ஒத்துழைப்புக்கு நன்றி சார்" என்றீர்கள். அவர் எந்த ஒத்துழைப்பும் கொடுக்கவில்லை. சுவரோடு சுவராக நின்றார். அது தங்கள் பெருந்தன்மை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய நன்றி வேறு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த என் மளிகைப் பட்டியலைப் பார்த்தீர்கள். தங்கள் கோப்பிலிருந்து நீலக் கோட்டுத் தாளின் ஓரத்தை இழுத்துப் பார்த்தீர்கள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தாங்களோ, "இன்னொரு டீ கிடைக்குமா அம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்த ஒரு டீயில் என் மகளின் குடும்பம் நின்றது. எழுதியது நான்தான் என்று தெரிந்திருந்தால் மாப்பிள்ளை இந்த வீட்டில் இன்னொரு வேளை சாப்பிட்டிருக்கமாட்டார், பால்கனியில்கூட.

இப்போது அவருக்கு ஓர் அமரர் ஊர்தி நிறுவனத்தில் கணக்கர் வேலை. வாடிக்கையாளர்கள் யாரும் புகார் சொல்வதில்லை என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பறிமுதல் செய்த சாமான்களில் அந்த வட்ட விளக்கை மட்டும் தயவுசெய்து திருப்பித் தர வேண்டாம்.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் இருக்கிறார். பழைய காலச் செப்புக் காசுகளைச் சேர்த்து, புளி போட்டுத் துலக்கி, அதை ஒரு சேனலில் காட்டுவார். பார்ப்பவர்கள் பதினொரு பேர், நான் உட்பட. நாணயம் என்று தலைப்பில் கண்டதும் தங்கள் அலுவலகத்தில் அதையும் சேர்த்து மூடிவிட்டார்கள். அந்தக் காசுகளால் இனி யாரையும் ஏமாற்ற முடியாது. ஒரு தீப்பெட்டிகூட வராது. போதாததற்கு, எங்களைக் காட்டிக்கொடுத்தது அவர்தான் என்று என் மகள் நினைத்து மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாப்பிள்ளை மட்டும், "விடு, யாரோ நல்லதுதான் செஞ்சிருக்காங்க" என்கிறார். யோசிக்காதவர்களுக்கு மன்னிப்பது சுலபம். நடத்துநரின் சேனலைத் திறந்துவிட்டால் என் மனச்சாட்சியில் பாதி பாரம் குறையும். மீதியை நான் சுமந்துகொள்கிறேன்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், முழங்கால் வலியில்லாத முதுமையும், பிரிவு எண்களைச் சரியாகப் போடும் எழுத்தரும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடி அம்மாள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் வைத்து, இந்தத் தடவை நானே தபால் நிலையம் போவதாகக் கைத்தடியை எடுத்தேன். மாப்பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், உறையைப் பார்த்து, "கொடுங்க அத்தை, போன தடவை மாதிரியே பதிவுத் தபால்ல போட்டுடறேன்" என்றார். எந்தப் போன தடவை என்றேன். "உங்க நீலத்தாள் கடிதம்தான். விலாசத்தைப் பார்த்துட்டு உள்ளே இருந்ததையும் படிச்சேன். சாதாரணத் தபால்ல போனா வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேராது. அனுப்புநர் பேர் இல்லாம பதிவு பண்ண மாட்டேன்னாங்க. என் பேரை எழுதிக் கொடுத்தேன்" என்றார். ரசீதைப் பர்ஸில் வைத்திருக்கிறார். ஏன் என்றதற்கு, "நானா சேனலை விட்டுட்டேன்னா உங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாது அத்தை. அரசாங்கம் மூடினா மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆக, தாங்கள் சொன்ன ஒத்துழைப்பு எது என்றும், பட்டியலுக்குப் பிறகு ஏன் அவரைப் பார்த்தீர்கள் என்றும் இப்போது புரிகிறது. அவர் படித்துப் பார்க்காதவர் என்றும், யோசிக்காதவர் என்றும் நான் எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். புதிதாக எழுதியிருப்பேன், ஆனால் அவர் வாசலில் காத்திருக்கிறார், தபால் நிலையம் மூடிவிடும். வட்ட விளக்கையும் திருப்பித் தந்துவிடுங்கள்; நடத்துநரின் காசுகளை மாப்பிள்ளை படம் பிடித்துத் தரப்போகிறாராம். இந்தக் கடிதமும் பதிவுத் தபாலில்தான் வருகிறது. அனுப்புநர் இடத்தில் இந்தத் தடவை என் பெயர் இருக்கும். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும், அவர் எழுதியது.