காற்றுக்காக வாங்கிய அறை

ஃப்ளெக்ஸ் அண்ணன் படம் இல்லாமல் எங்கள் தெருவில் யாருக்கும் காது குத்தியதில்லை. யாரும் செத்ததும் இல்லை. எங்கள் கம்பம் ஊரில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். யார் ஆர்டர் கொடுத்தாலும் ஒரு மூலையில் கூலிங் கிளாஸோடு தன் படத்தையும் சேர்த்துவிடுவார். கண்ணீர் அஞ்சலியில்கூட சிரித்துக்கொண்டிருப்பார். அம்மன் திருவிழா, சந்தனக்கூடு, கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் அவர் முகம்தான். அவர் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

போன ஆடித் திருவிழா பேனரைக் கோயில்காரர்கள் தேனியில் அடித்து வந்து பள்ளிவாசல் எதிரே கட்டியிருந்தார்கள். காலையில் பார்த்தால் அம்மன் முகத்தில் குறுக்கே ஒரு கிழிசல். போனுக்குப் போன் படம் பறந்தது. பத்து மணிக்குள் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். சிலர் கல் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். சாயங்காலம் என் மகள் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிவிட்டு வரவேண்டும்.

ஸ்கூட்டரை நடுத்தெருவில் போட்டுவிட்டு வந்து நின்றார் அண்ணன்.

“நான்தான்யா கிழிச்சேன். நம்மூருத் திருவிழாவுக்குத் தேனியில போயி அடிச்சிருக்கீக. என் படத்தையும் காணோம். வயித்தெரிச்சல் தாங்கல.”

ஒருவரும் சந்தேகப்படவில்லை. செய்யக்கூடிய ஆள்தானே! கோயில் தலைவர் பாய்ந்து வந்து விட்டார் ஓர் அறை. ஜமாத் தலைவர் ஓடிவந்து விலக்கி, இந்தக் கிறுக்கனுக்காகவா வேலைவெட்டியை விட்டு நிற்கிறீர்கள் என்று இரு பக்கத்தையும் ஏசினார். யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

அண்ணனை நாலு வார்த்தை கேட்பதென்று சாயங்காலம் கடைக்குப் போனேன். உள்ளே அந்த இரண்டு தலைவர்களும் இருந்தார்கள். அண்ணனுடைய கன்னத்தில் ஜமாத் தலைவர் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே மூவரும் போனில் பேசி முடிவு செய்தார்களாம். வேறு எவனாவது கை வைத்தால் அடி ஒன்றோடு நிற்காது என்று, அடிக்கும் பொறுப்பைக் கோயில் தலைவரே ஏற்றுக்கொண்டாராம்.

அப்படியென்றால் கிழித்தது யார் என்று கேட்டேன்.

“காத்துதான். அதச் சொன்னா எவன் நம்புவான்? எந்தச் சாமிக் காத்துன்னு கேப்பான்” என்றார் அண்ணன்.

கோயில் தலைவர் தரையைப் பார்த்தபடி, “ஓங்கி அடிச்சுப்புட்டேன்ப்பா” என்றார்.

“மெதுவா அடிச்சிருந்தா எவனும் நம்பியிருக்க மாட்டாண்ணே.”

அந்நேரம் பள்ளிவிட்டு வந்த என் மகள் கடை வாசலில் நின்று, மாமா கன்னம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“நமக்காக வீங்குன கன்னம், ஆத்தா” என்றேன்.