வடக்குக் குறி இல்லாத கல்

பதுளை மாவட்டத்திலேயே கல்லோடு கோபித்துக்கொள்கிற ஒரே மனுசர் எங்கள் காந்தம் சேர்தான். கல்லுக்குள் காந்தம் தேடுவதால் அந்தப் பெயர். ரிட்டயரான பிறகும் பாறை ஆராய்ச்சியை விடாதவர். பதுளையில் ஒரு போடிங் விடுதியில் அவரோடு ஒரே அறையில் காலம் தள்ளியவன் நான்.

கருங்கல் உருகிக் கிடந்து ஆறும்போது, உள்ளே இருக்கும் இரும்புத் துகள் அந்தக் காலத்து வடக்கைப் பார்த்தபடி நின்றுவிடுமாம். அதை அளந்தால் நிலம் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்று தெரியுமாம். அதற்கு, பாறையைத் துளைக்கும் முன்பே வடக்குக் குறி போட வேண்டும். குறியில்லாமல் பெயர்த்த கல்லைக் கண்டால் சேர் ஜன்னல் வழியே எறிவார்.

ஒருமுறை பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பாறைக்கு அம்பு மாதிரிக் குறி போட்டுவிட்டு, மழைக்குத் தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கம் ஒதுங்கினார். மறுநாள் போனால் பாறைக்கு மஞ்சள், குங்குமம், பக்கத்தில் ஓர் இரும்பு வேல்! கொழுந்து பறிக்கும் அக்காமார் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, வேல எடுங்கம்மா! இரும்பு இருந்தா காம்பஸ் ஆடும்!"

"வேல் மாதிரி சாமியே குறி காட்டியிருக்கு. எடுக்கச் சொல்ல நீங்க யாருங்க?"

"அது நான் போட்ட குறிம்மா!"

"அப்ப நீங்களும் கும்பிடுங்க சேர்."

கும்பிட்டார். கல்லுக்குப் போனவர் தேங்காய்ச் சில்லோடு வந்தார்.

சேருக்கு ஒரே அக்கா. கல்யாணமான கையோடு, குடியுரிமை ஒப்பந்தப்படி கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். "கண்ண மூடுறதுக்குள்ள ஒருதரம் வந்து மூஞ்சியக் காட்டுடா" என்று ஃபோனில் கெஞ்சுவார். கண்டங்கள் நகர்ந்ததை அளக்கிற சேருக்கு விமானம் என்றாலே பயம். "வர்றேன்க்கா" என்பார். ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "அங்கயும் இங்கயும் ஒட்டிக் கிடந்த நிலம்தான் தம்பி" என்று மூக்கைச் சிந்துவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன வருடம், இந்தியாவுக்குக் கோயில் சுற்றப் போய்வந்த ஒருவரிடம் அக்கா ஒரு கல் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் பெயர்த்ததாம். தம்பிக்குக் கல் என்றால் உயிராயிற்றே! குறி எதுவும் இல்லை. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

சேர் எறியவில்லை. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாது தம்பி. எது வடக்குன்னு தெரியல."

"அப்ப என்ன சேர் செய்றது?"

"நானே போய்க் குறி போட்டு எடுத்துட்டு வரணும். வேற வழி?" மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலையத் தொடங்கிவிட்டார்.

போய் மாதக்கணக்காகிறது. நேற்று ஃபோனில் கேட்டேன்.

"கல்லு எடுத்தாச்சா சேர்?"

"எங்க தம்பி, இன்னும் நல்லாத் தேடணும்ல."

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "சோறு ஆறுது, வாடா!"

"அவசரமில்ல சேர், மெதுவாத் தேடுங்க" என்றேன்.

போடிங்கில் அவர் கட்டிலைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சேர் அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று நான்தான் எல்லாரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.