சாவ்போவுக்குப் போட்ட படம்

"காசைக் கொட்டி எனக்கு நானே குழி தோண்டிக்கிட்டேனே!" என்று பூன்லெர்ட் பல்லைக் கடித்தார்.

கோயில் வாசலில் கட்டிய திரையில் பிரஷ் பிடித்த ஒரு பெண், "அப்பா, நான் பாங்கு வேலைக்குப் போகமாட்டேன். படம்தான் வரைவேன்" என்றாள். அதாவது, திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்த விச்சியான் குரலை மெல்லிசாக்கி அவளுக்காகச் சொன்னான். எந்த நாட்டுப் படமோ, அதில் சத்தமே கிடையாது. ஆண், பெண், குழந்தை, நாய் எல்லாவற்றுக்கும் விச்சியான்தான் குரல்.

பூன்லெர்ட் கோழித் தீவனக் கடைக்காரர். மகள் பென்சீக்குப் பாங்கில் வேலை கிடைத்தால், ஊரைக் காக்கும் சாவ்போ சாமிக்கு ஒரு படம் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கழுதையோ, "பாங்காக் போய் சினிமாவுக்குக் கதை எழுதப்போறேன்" என்று குதித்துக்கொண்டிருந்தது.

"கதை எழுதறாளாம் கதை! உன் கதையை எவன் உக்காந்து கேப்பான்?" என்று காலையில்தான் வீடே அதிரக் கத்தியிருந்தார். சாமிக்கு நல்லதாக ஒரு குடும்பப் படம் கொண்டுவாடா என்றால், இந்த விச்சியான் கொண்டுவந்த படத்தின் லட்சணம் இது! பென்சீ வேறு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூன்லெர்ட் எழுந்துபோய் அவன் காதில் சீறினார். "டேய், நிறுத்துடா! வேற படம் போடு."

விச்சியான் மைக்கைப் பொத்தினான். "வேற சுருள் இல்லண்ணே."

"குடும்பப் படம்னுதானே சொன்னேன்?"

"அப்பா இருக்காரு, மக இருக்கா. இதைவிட என்ன குடும்பம் வேணும்?"

"வரையறாளாமே, என்னத்தடா வரையறா? செவரு பூரா நீலத்தை அப்பிக்கிட்டிருக்கா!"

"வானம் வரையறாண்ணே."

"வானமா? ஒரு காக்காகூட இல்லையேடா!"

பொறுக்கவில்லை அவருக்கு. நேராகப் போய் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டார். இருட்டுக்குள்ளிருந்து பூசாரி சங்வான் பாய்ந்து வந்தார்.

"யோவ், சாமி பாத்துக்கிட்டிருக்கும்போது பாதியில அணைக்கிறியா? உன் வேண்டுதல் செல்லாது. மொதல்லேர்ந்து போடு!"

மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதுவரை சாவ்போவையும் பென்சீயையும் நாலைந்து நாய்களையும் தவிர அந்தப் படத்துக்கு ஆளே இல்லை. தீவனக் கடைக்காரர் சாமி படத்தையே நிறுத்தினாராம் என்று செய்தி பரவி, இப்போது கடைவீதியே திரண்டு வந்துவிட்டது. மீன் உருண்டை வண்டிகூட வந்துவிட்டது.

பூன்லெர்ட் மறுபடி விச்சியானிடம் ஓடினார். "பேச்சையாவது மாத்துடா. பாவி, என் பொண்ணு கெட்டுப்போயிடுவா!"

விச்சியான் பெருமூச்சு விட்டான். திரையில் அந்தப் பெண் கண்ணீர் வழிய நின்றாள். "பாங்கு வேலைன்னா எனக்கு உசுருப்பா!" என்றது குரல்.

"அப்புறம் எதுக்குய்யா அழறா?" என்றது கூட்டம்.

"பாங்குக்குப் போகணுமேன்னுதான் அழறா!" என்றான் ஒருவன். சிரிப்பு வெடித்தது. வேர்க்கடலைத் தோல் பறந்து வந்து விச்சியான் தலையில் விழுந்தது.

அவன் மைக்கை நீட்டினான். "இந்த அவமானத்தை நான் பட்டதே இல்லை. அப்பா பேச்சை நீங்களே பேசிக்குங்க!"

"பேசறேன்டா! எனக்கென்ன பயமா?"

திரையில் ஏணி மேல் நின்ற அப்பா விரலை ஆட்டினார். பூன்லெர்ட் பிடித்துக்கொண்டார். "ஏய் கழுதை! உன்னைப் படிக்கவைக்க எத்தனை தீவன மூட்டை சுமந்திருப்பேன்!"

"இந்தாளு எப்பய்யா தீவனக் கடை வெச்சாரு?" என்று யாரோ கேட்டார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"மழையில மூட்டை நனைஞ்சா உன் படிப்பு போயிடும்னு போட்டிருந்த சட்டையைக் கழட்டிப் போத்தினேன்டி! நான் வெயில்ல வெந்தது போதும், நீயாவது ஃபேனுக்கு அடியில உக்காரணும்னு நெனச்சது தப்பா?"

மீன் உருண்டைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

விச்சியான் மைக் பக்கம் குனிந்து, பெண் குரலில் மெல்லச் சொன்னான். "தெரியும்ப்பா. அதனாலதான் சொல்லாம ஓடிப்போகல. நீங்க போன்னு சொல்ற வரைக்கும் இங்கேயே நிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து, திரையில் இருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, அவள் கண்ணைத் துடைத்து, சிரித்துக்கொண்டே பிரஷைக் கையில் கொடுத்துத் தொலைத்தார். அவர் வாய் வேறு அசைந்தது.

"பேசுய்யா! பேசு!"

எதைப் பேசுவது? சிரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

"போய்த் தொலை..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்தது. "போ கண்ணு. உனக்குப் பிடிச்சதைச் செய்."

ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. டணார் என்று மணி அடித்தார் பூசாரி.

"சாவ்போ முன்னாடி கொடுத்த வாக்கு! மாத்தினா நாக்கு இழுத்துக்கும்!"

"யோவ், நான் படத்துக்குச் சொன்னேன்யா!"

"சாமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது."

பென்சீ ஓடிவந்து அப்பாவைக் கைகூப்பிக் கும்பிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பெட்டி கட்ட வீட்டுக்குப் பறந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் பூன்லெர்ட் விச்சியான் முன்னால் போய் நின்றார். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"அநியாயம்டா இது! இந்தக் கதையைப் பண்ணின படுபாவி எவன்டா? ஊர் முன்னாடி என்னையே அழவெச்சிட்டானே! கைகாரன்தான், இல்லைங்கல. ஆனா ஆள் மட்டும் என் கையில கெடைச்சான்..."

விச்சியான் சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"இது வீட்டுச் செவருக்குப் பெயின்ட் அடிக்கறது எப்படின்னு காட்டுற படம்ண்ணே. அவ கண்ணுல பெயின்ட் தெறிச்சுத்தான் தண்ணி வந்தது. கதை பூரா மத்தியானம் உங்க பொண்ணு வந்து சொல்லிக்குடுத்தது."